கிளப்பில் நிலைக்காதவர் நாட்டுக்குக் கோப்பை வென்றது எப்படி? லூயிஸ் டி லா ஃபுவென்டேயின் பாதை

2022 டிசம்பர் 8 அன்று ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பு தன் ஆண்கள் அணிக்குப் புதிய பயிற்சியாளரை அறிவித்தது. ஸ்பெயினுக்கு வெளியே பலர் அந்தப் பெயரை அன்றுதான் கேள்விப்பட்டார்கள். லூயிஸ் டி லா ஃபுவென்டே, வயது 61. ஒரு காலத்தில் இடது பின்கள ஆட்டக்காரர். பயிற்சியாளரான பிறகு ஸ்பெயினின் முதல்நிலை லீகான லா லிகாவில் ஓர் ஆட்டத்துக்குக்கூட அவர் பொறுப்பேற்றதில்லை. கடைசியாக அவர் பார்த்த கிளப் வேலை மூன்றாம் நிலை லீகில். அதுவும் சில மாதங்களில் போய்விட்டது.

அதே மனிதர் 2023இல் ஐரோப்பிய நாட்டு அணிகள் மோதும் நேஷன்ஸ் லீக் கோப்பையையும், 2024இல் ஐரோப்பிய சாம்பியன் பட்டமான யூரோ கோப்பையையும் வென்றார். 19 வயதுக்குட்பட்டோர், 21 வயதுக்குட்பட்டோர், பெரியவர்கள் என்று ஐரோப்பிய ஆண்கள் சாம்பியன் பட்டத்தை மூன்று நிலைகளிலும் வென்ற முதல் பயிற்சியாளர் அவர்தான். 2025 ஜனவரியில் அவருடைய ஒப்பந்தம் 2028 வரை நீட்டிக்கப்பட்டது.

அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல வீரர்கள் கிடைத்தார்கள், யார் நின்றிருந்தாலும் வென்றிருப்பார்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் போதாது. அவர் பயிற்சியாளர் வாழ்க்கையின் பாதி தோல்வி போலவும் பாதி வெற்றி போலவும் தெரிவதற்குக் காரணம், இரண்டு வேறு வேலைகளை ஒரே அளவுகோலால் நாம் அளப்பதுதான்.

கிளப் வேலையும் நாட்டு வேலையும்

கிளப் பயிற்சியாளர் தன் வீரர்களைத் தினமும் பார்க்கிறார். ஆண்டுக்கு ஐம்பது ஆட்டங்களுக்கு மேல் ஆடும் பெரிய கிளப்பில் ஒரு புதிய ஆட்டமுறையைப் பழக்க மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. தேசிய அணிப் பயிற்சியாளருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய கட்டுப்பாடுகள் மூன்று.

1. வீரர்கள் அவருடையவர்கள் அல்லர். சம்பளம் கொடுப்பது கிளப். ஃபிஃபா நாட்காட்டியில் குறித்திருக்கும் சில வாரங்களில் மட்டும் கிளப்புகள் வீரர்களை விட்டுக்கொடுக்க வேண்டும். மற்ற நாட்களில் அவர்களை அழைக்கும் உரிமை நாட்டுக்கு இல்லை.

2. நேரம் மிகக் குறைவு. வழக்கமான ஒரு சர்வதேச இடைவெளி பத்து நாட்களை ஒட்டியது, அதற்குள் இரண்டு ஆட்டங்கள். ஞாயிறு இரவு கிளப்புக்கு ஆடிவிட்டு வருகிறவனுக்கு முதலில் ஓய்வு வேண்டும். பயணத்தையும் கழித்துவிட்டால் உண்மையான பயிற்சிக்கு மிஞ்சுவது மூன்று, நான்கு நாட்கள்.

3. ஆள் வாங்க முடியாது. நல்ல இடது பின்கள ஆட்டக்காரர் இல்லையென்றால் கிளப் பணம் கொடுத்து ஒருவரைக் கொண்டுவரும். நாட்டுக்கு ஆடத் தகுதியுள்ளவர்களுக்குள் இருப்பவரை வைத்துத்தான் தேசிய அணி ஒப்பேற்ற வேண்டும்.

ஆக, தேசிய அணியில் கற்பிப்பதற்கான வாய்ப்பு சிறிது. யாரை அழைப்பது, யாரோடு யாரைச் சேர்ப்பது, எந்த நெருக்கடியில் யார் கலங்குவார், யார் நிற்பார் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பதுதான் பெரும் பகுதி. அந்த அறிவு மூன்று நாள் பயிற்சியில் வராது. வீரரைப் பதினெட்டு வயதிலிருந்து பார்த்திருந்தால் வரும். டி லா ஃபுவென்டே 2022இல் பதவிக்கு வந்தபோது அவர் கையில் இருந்த மூலதனம் அதுதான்.

ஹாரோவிலிருந்து லெசாமாவுக்கு

1961 ஜூன் 21 அன்று ஹாரோவில் பிறந்தார். வடக்கு ஸ்பெயினில், லா ரியோஹா என்னும் திராட்சை மது விளையும் பகுதியில் இருக்கும் சிற்றூர் அது. பதின்ம வயதிலேயே பில்பாவோவின் அத்லெதிக் கிளப்பில் சேர்ந்தார்.

அத்லெதிக்கின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் இவருடைய போக்கு பிடிபடாது. பில்பாவோ நகரம் இருக்கும் பாஸ்க் பகுதியில் பிறந்தவர்களையோ, அப்பகுதிக் கால்பந்தில் வளர்ந்தவர்களையோ மட்டுமே அந்தக் கிளப் ஆடவைக்கிறது. உலகச் சந்தையில் ஆள் தேடாமல், லெசாமா என்ற ஊரிலுள்ள தன் பயிற்சி மையத்தில் சிறுவர்களை வளர்த்து மேலே கொண்டுவருகிறது. அப்படியிருந்தும் லா லிகாவின் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூடக் கீழே இறங்காத மூன்று கிளப்புகளில் அதுவும் ஒன்று. மற்ற இரண்டு ரியால் மாட்ரிட், பார்சிலோனா. இருப்பவனை வைத்து ஆடு, அவனைச் சிறு வயதிலிருந்து அறிந்துகொள் என்பது அங்கே அன்றாட நடைமுறை. ஒரு தேசிய அணியின் நிலையும் ஏறத்தாழ அதுதானே.

ஹாவியர் கிளெமெந்தே பயிற்சியாளராக இருந்த அத்லெதிக் அணியில் டி லா ஃபுவென்டே இடது பின்களத்தில் ஆடினார். கோல்கீப்பர் சுபிசரெத்தா, நடுத்தடுப்பில் கோய்கோயெச்சியா, முன்னால் டானி, சராபியா, ஆர்கோத்தே என்று கடினமான, உடல் பலத்துக்கு அஞ்சாத கூட்டம். 1983 லீக் பட்டம் கடைசி நாளில் கைக்கு வந்தது: லாஸ் பால்மாஸில் அத்லெதிக் 5-1 என வென்றது, அதே நேரத்தில் வாலென்சியாவில் ரியால் மாட்ரிட் தோற்றது. கோப்பையோடு வீரர்கள் நெர்வியோன் ஆற்றில் படகில் வர, இரு கரையிலும் பில்பாவோ திரண்டு நின்றது. 1984இல் லீகும், ஸ்பெயின் கிளப்புகளின் நாக்-அவுட் கோப்பையான கோப்பா டெல் ரேயும் சேர்ந்தே வந்தன. அதன்பின் அத்லெதிக் இன்னொரு லீக் பட்டத்தை வென்றதேயில்லை.

1987இல் செவியாவுக்குப் போனார், 1991இல் அத்லெதிக்குக்குத் திரும்பினார், கடைசியாக அலவேஸில் ஆடி 1994இல் ஓய்வு பெற்றார். ஸ்பெயினின் இளையோர் அணிகளுக்கு ஆடியிருந்தாலும் பெரியவர்கள் அணிக்கு ஓர் ஆட்டம்கூட அழைப்பு வரவில்லை. நட்சத்திர ஆட்டக்காரர் அல்லர்; நல்ல அணியில் தன் வேலையைச் சரியாகச் செய்த தடுப்பாட்டக்காரர்.

பெயர் வராத ஆண்டுகள்

ஓய்வுக்குப் பிறகு போர்த்துகலேத்தே, விட்டோரியாவின் அவுரேரா போன்ற சிறிய கிளப்புகள், செவியாவின் இளையோர் பிரிவு, பிறகு லெசாமாவில் அத்லெதிக்கின் சிறுவர் அணிகளும் இரண்டாம் அணியும். 2011இல் அலவேஸ் அவரை அழைத்தது. அந்தக் கிளப் அப்போது மூன்றாம் நிலைக்குச் சரிந்திருந்தது. பருவம் தொடங்கிய சில மாதங்களிலேயே, அக்டோபரில், பதவி பறிபோனது.

இந்தப் பட்டியலை மட்டும் படித்தால் ஐம்பது வயதில் வாழ்க்கை முடிந்துபோன பயிற்சியாளர் என்றுதான் தோன்றும். ஆனால் இந்த வேலைகளில் பெரும்பாலானவை இளையோரோடு. பெரியவர்களின் லீகில் ஒவ்வொரு வாரமும் புள்ளி கேட்பார்கள். இளையோர் பிரிவில் எத்தனை பேர் மேலே போனார்கள் என்று கேட்பார்கள். முதல் தேர்வில் அவர் நிலைக்கவில்லை. இரண்டாவதில் அவருடைய பெயர் உள்வட்டத்தில் நன்றாகவே இருந்தது. 2013இல் ஸ்பெயின் கூட்டமைப்பு அவரை 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கு எடுத்துக்கொண்டது.

லாஸ் ரோசாஸில் நடப்பது என்ன?

மாட்ரிட்டுக்கு வெளியே லாஸ் ரோசாஸ் என்ற இடத்தில் கூட்டமைப்பின் கால்பந்து நகரம் இருக்கிறது. வயதுப்பிரிவு அணிகள் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. பதினைந்து, பதினாறு வயதில் ஒருவன் முதன்முறை அங்கே வருகிறான். பிறகு 17, 19, 21 என்று படிப்படியாக ஏறுகிறான். ஏறாமல் நின்றுவிடுகிறவர்களே அதிகம். பயிற்சியாளர்களும் இந்தப் படிகளில் ஏறுவதுண்டு. பையன்களோடு சேர்ந்தே அவர்களும் மேலே வருகிறார்கள். டி லா ஃபுவென்டேயின் ஏற்றம் இப்படி:

1. 2015: கிரீஸில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் யூரோவில் பட்டம். இறுதியில் ரஷ்யாவை 2-0 என வென்றார்கள். அணியில் இருந்தவர்களில் மூவர் உனாய் சிமோன், ரோட்ரி, மிக்கேல் மெரினோ.

2. 2019: இத்தாலியிலும் சான் மரினோவிலும் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் யூரோ. முதல் ஆட்டத்திலேயே இத்தாலியிடம் 3-1 என அடி. அங்கிருந்து எழுந்து பிரான்ஸை 4-1, இறுதியில் ஜெர்மனியை 2-1 என வீழ்த்தினார்கள். இறுதியில் கோல் போட்டவர்கள் ஃபாபியன் ரூயிஸ், டானி ஓல்மோ.

3. 2021 ஜூன் 8: பெரியவர்கள் அணியின் கேப்டன் புஸ்கெட்ஸுக்குக் கொரோனா உறுதியானதால் மொத்த அணியும் தனிமைப்படுத்தப்பட்டது. லித்துவேனியாவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் 21 வயதுக்குட்பட்டோர் அணியே ஸ்பெயினின் முதல் அணியாக இறங்கியது. பயிற்சியாளர் இருக்கையில் டி லா ஃபுவென்டே. 4-0 வெற்றி. குகுரேயாவும் சுபிமெண்டியும் பெரியவர்கள் அணியில் முதன்முதலாக ஆடியது அன்றுதான்.

4. 2021 ஆகஸ்ட்: டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. இறுதியில் கூடுதல் நேரத்தில் பிரேசிலிடம் 2-1 எனத் தோல்வி. சிமோன், குகுரேயா, சுபிமெண்டி, மெரினோ, பெட்ரி, ஓல்மோ, ஓயர்சபால் அந்த அணியில் இருந்தார்கள்.

இந்தப் பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 யூரோவின் பெர்லின் இறுதியாட்டத்துக்கு வரும்போது தேவைப்படும்.

பதவி கிடைத்ததும் வந்த சோதனைகள்

கத்தார் உலகக் கோப்பையில் மொராக்கோவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் கொடுத்தது, ஒரு கோல் போடவில்லை. பெனால்டி ஷூட்-அவுட்டில் அடித்த மூன்றும் வீண். பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே போனார். கூட்டமைப்பு வெளியே தேடாமல் அடுத்த படியில் நின்றவரை உயர்த்தியது.

தொடக்கம் தடுமாற்றமே. 2023 பிப்ரவரியில், 180 ஆட்டங்கள் ஆடிய செர்ஹியோ ராமோஸ், புதிய பயிற்சியாளரின் திட்டத்தில் தனக்கு இடமில்லை என்று தெரிந்ததும் தேசிய அணியிலிருந்து ஓய்வு அறிவித்தார். மார்ச்சில் நார்வேயை 3-0 என வென்ற அணி, மூன்றே நாளில் கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்திடம் 2-0 எனத் தோற்றது. முதல் ஆட்டத்தில் இருந்த பெரும்பாலானோரை அவர் மாற்றியிருந்தார். அலவேஸ் கதையே திரும்புகிறது என்று ஸ்பானிய ஊடகங்கள் அப்போது எண்ணியிருந்தால் அதில் தவறில்லை.

ஜூனில் நெதர்லாந்தில் நடந்த நேஷன்ஸ் லீக் இறுதிச்சுற்று அவரைக் காப்பாற்றியது. அரையிறுதியில் இத்தாலியை 2-1 என வென்று, ரோட்டர்டாமில் குரோவேஷியாவுடன் 0-0 என நின்று, ஷூட்-அவுட்டில் 5-4 என வென்றார்கள். சிமோன் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். 2012க்குப் பிறகு ஸ்பெயின் ஆண்கள் அணி வென்ற முதல் கோப்பை அது.

அடுத்து வந்தது ஆட்டத்தோடு தொடர்பில்லாத, அதைவிடக் கனமான விஷயம். 2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் ஸ்பெயின் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றது. பதக்க மேடையில் கூட்டமைப்பின் தலைவர் லூயிஸ் ருபியாலெஸ், வீராங்கனை ஹென்னி எர்மோசோவின் உதட்டில் அவர் சம்மதமின்றி முத்தமிட்டார். ஐந்து நாள் கழித்துக் கூட்டமைப்பின் பொதுக்குழுவில் ருபியாலெஸ் பதவி விலக மறுத்துப் பேசினார். முன்வரிசையில் இருந்து கைதட்டியவர்களில் டி லா ஃபுவென்டேயும் ஒருவர். செப்டம்பர் 1 அன்று செய்தியாளர்களைச் சந்தித்து, அது மன்னிக்க முடியாத தவறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவரோடு கைதட்டிய பெண்கள் அணிப் பயிற்சியாளர் ஹோர்ஹே வில்டா சில நாட்களில் நீக்கப்பட்டார். ருபியாலெஸ் விலகினார், 2025 பிப்ரவரியில் பாலியல் வன்முறைக் குற்றத்துக்காக நீதிமன்றம் அவருக்கு 10,800 யூரோ அபராதம் விதித்தது.

இதை அவருடைய வெற்றிக் கதையில் ஓரமாக ஒதுக்கிவைக்கப் பலரும் விரும்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டமைப்புக்குள்ளேயே பத்து ஆண்டுகள் வளர்ந்தவர், கூட்டமைப்பின் தலைவர் பேசும்போது யோசிக்காமல் கைதட்டினார். வீரர்களை நெருங்கி அறியும் வாய்ப்பை அவருக்குத் தந்த அதே நிறுவன நெருக்கம்தான் அந்த அறையில் அவரைத் தவறான பக்கம் உட்காரவைத்தது. மன்னிப்பு தெளிவாக இருந்தது, அதை மதிக்கலாம். நடந்தது நடந்ததுதான்.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 8 அன்று, டிபிலிசியில் ஜார்ஜியாவை ஸ்பெயின் 7-1 என வென்றது. லமீன் யமால் என்ற 16 வயதுப் பையன் மாற்று வீரராக இறங்கிக் கோலும் போட்டான்.

ஆட்டமுறையில் என்ன மாறியது?

2008 முதல் 2012 வரை ஸ்பெயின் வென்ற முறை பந்தைத் தன்னிடமே வைத்திருப்பது. குறுகிய பாஸ்கள், நடுக்களத்தில் நான்கைந்து பேர், எதிரணிக்குப் பந்தே கிடைக்காது. அந்தத் தலைமுறை போனபின் முறை மட்டும் மிஞ்சியது. 2018இல் ரஷ்யாவிடமும் 2022இல் மொராக்கோவிடமும் ஆயிரம் பாஸ் கொடுத்தும் தோற்றதற்குக் காரணம், பாஸ்கள் பக்கவாட்டிலேயே போனதுதான். எதிரணி பத்துப் பேரோடு கோல் முன்னால் அடைத்து நின்றால் அவர்களை இழுத்துப் பிரிக்க ஆள் இல்லை.

டி லா ஃபுவென்டே அந்த முறையைத் தூக்கிப் போடவில்லை. அதற்கு இரண்டு ஓரங்களைச் சேர்த்தார். வலது ஓரத்தில் யமால், இடது ஓரத்தில் அத்லெதிக்கின் நிகோ வில்லியம்ஸ். பந்து கிடைத்தால் எதிரே நிற்பவரை நேருக்கு நேர் தாண்டிப் போகிறவர்கள் இருவரும். ஒருவரைத் தடுக்க இரண்டு பேர் போனால் நடுவில் ஓல்மோவுக்கு இடம் திறக்கும். போகாவிட்டால் ஓரமே திறந்திருக்கும். பின்னால் ரோட்ரியும் ஃபாபியனும் வேகத்தைக் கூட்டிக் குறைத்தார்கள்.

இதற்கு ஒரு சான்று போதும். யூரோ 2024இன் முதல் ஆட்டத்தில் குரோவேஷியாவை ஸ்பெயின் 3-0 என வென்றது. ஆனால் பந்து அதிக நேரம் இருந்தது குரோவேஷியாவிடம். 2008 யூரோ இறுதியாட்டத்துக்குப் பிறகு, 136 போட்டி ஆட்டங்களில் முதன்முறையாக ஸ்பெயின் பந்தை எதிரணியைவிடக் குறைவாக வைத்திருந்தது. அதைப் பற்றி அணியில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஸ்டுட்கார்ட்டும் பெர்லினும், நெருக்கத்தில்

அந்தத் தொடரில் ஸ்பெயின் ஆடிய ஏழு ஆட்டங்களிலும் வென்றது, 15 கோல்கள் போட்டது. ஒரே யூரோவில் இதற்குமுன் எந்த அணியும் இத்தனை போட்டதில்லை. முதல் இரண்டு வெற்றிகளோடு அடுத்த சுற்று உறுதியானதும், அல்பேனியாவுக்கு எதிரான மூன்றாம் ஆட்டத்தில் பத்துப் பேரை மாற்றி இறக்கினார். அதையும் 1-0 என வென்றார்கள். கிளாஸ்கோவில் திட்டு வாங்கித் தந்த அதே பழக்கம், இப்போது மொத்த அணியையும் தயாராக வைத்தது.

மாற்று வீரர்களைப் பார்த்தால்தான் அவருடைய கை தெரியும். காலிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக எட்டாவது நிமிடத்திலேயே பெட்ரி அடிபட்டு வெளியேறினார். உள்ளே வந்த ஓல்மோ 51ஆவது நிமிடத்தில் கோல் போட்டார். 89ஆவது நிமிடத்தில் விர்ட்ஸ் சமன் செய்ய, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஷூட்-அவுட்டுக்கு ஒரு நிமிடமே இருந்தபோது இடப்பக்கத்திலிருந்து ஓல்மோ தூக்கிக் கொடுத்த பந்தை இன்னொரு மாற்று வீரரான மெரினோ எகிறித் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். பிறகு மூலைக் கொடியைச் சுற்றி ஓடினார். அதே மைதானத்தில் 1991இல் ஓசாசுனாவுக்காகக் கோல் போட்ட அவர் அப்பா மிகேல் மெரினோ கொண்டாடிய விதம் அது.

அரையிறுதியில் பிரான்ஸ் ஒன்பதாவது நிமிடத்தில் முந்தியது. 21ஆவது நிமிடத்தில் பெனால்டி பெட்டிக்கு வெளியேயிருந்து யமால் வளைத்து அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. யூரோ வரலாற்றின் மிக இளைய கோல்காரர் ஆனார். நான்கே நிமிடத்தில் ஓல்மோ. 2-1.

2024 ஜூலை 14, பெர்லின், எதிரே இங்கிலாந்து. இடைவேளையில் ரோட்ரி காயத்தால் வெளியேறினார். அந்த அணியின் முதுகெலும்பே அவர்தான். உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருதை அந்த ஆண்டு பின்னர் பெற்றவர். அவர் இடத்துக்கு டோக்கியோ அணியிலிருந்த சுபிமெண்டி. 47ஆவது நிமிடத்தில் யமால் கொடுத்த பந்தை நிகோ வில்லியம்ஸ் கோலாக்கினார். 73இல் பாமர் சமன் செய்தார். கேப்டன் மொராட்டாவை ஏற்கெனவே வெளியே எடுத்து ஓயர்சபாலை இறக்கியிருந்தார் டி லா ஃபுவென்டே. 86ஆவது நிமிடத்தில் ஓயர்சபால் பந்தை இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஓடினார், குகுரேயா அதைத் தாழ்வாகத் திருப்பிக் கொடுத்தார், சறுக்கிக்கொண்டு வந்த ஓயர்சபாலின் கால் அதைத் தொட்டது. இருவரும் டோக்கியோ வெள்ளி அணி. 90ஆவது நிமிடத்தில் இங்கிலாந்தின் கேஹி தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டிலேயே நின்று தலையால் வெளியே தள்ளினார் ஓல்மோ. 2-1. ஸ்பெயினுக்கு நான்காவது யூரோ. வேறு எந்த நாட்டுக்கும் இத்தனை இல்லை.

இந்த ஏணி எல்லோரையும் ஏற்றிவிடுமா?

இல்லை. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். இளையோர் அணிகளிலிருந்து பயிற்சியாளரை உயர்த்தினால் போதும் என்பது ஸ்பெயினின் வரலாற்றுக்கே பொருந்தாது.

இன்யாகி சாயெஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் அத்லெதிக்கில் ஆடிய தடுப்பாட்டக்காரர். அவரும் கூட்டமைப்பின் படிகளில் ஏறியவர்: 1998இல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோ, 1999இல் இளையோர் உலகக் கோப்பை, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி. 2002இல் பெரியவர்கள் அணிக்கு வந்தார். 2004 யூரோவில் ஸ்பெயின் முதல் சுற்றிலேயே வெளியேறியது, அவரும் போனார். ஹூலென் லோபெத்தேகியும் 2012இல் 19 வயதுக்குட்பட்டோர், 2013இல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோக்களை வென்றவர். 2016இல் பெரியவர்கள் அணிக்கு வந்து தோல்வியே காணாமல் 2018 உலகக் கோப்பை வரை போனார். ரியால் மாட்ரிட்டில் சேரப் போவது தெரியவந்ததும், ஸ்பெயினின் முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு நீக்கப்பட்டார்.

அப்படியென்றால் டி லா ஃபுவென்டேயிடம் வேறென்ன இருந்தது? என் கணிப்பில் இரண்டு. அவர் இளையோர் அணிகளில் வளர்த்த கூட்டம் 26, 27 வயதில் முதிர்ந்து நின்ற நேரத்தில் அவருக்குப் பதவி வந்தது. சாயெஸ் இளையோர் அணிகளில் வளர்த்தவர்களில் சவியும் கஸியாஸும் உச்சத்தை அடைந்தது அவர் போன பிறகு. இரண்டாவது, தான் வளர்த்தவர்களோடு மட்டும் அவர் நிற்கவில்லை. 33 வயதை நெருங்கிய ஹோசெலுவை முதல் ஆட்டத்திலேயே இறக்கினார், அவர் இரண்டு கோல் போட்டார். பிரான்ஸில் பிறந்த லெ நொர்மானை நடுத்தடுப்பில் சேர்த்தார். 16 வயது யமாலை நம்பினார். தெரிந்தவர்களை மட்டும் அழைத்திருந்தால் அந்த இரண்டு ஓரங்கள் அந்த அணிக்குக் கிடைத்திருக்காது.

குறைகளும் இருக்கின்றன. 2025 ஜூனில் நேஷன்ஸ் லீக் அரையிறுதியில் பிரான்ஸை 5-1 என முந்திய அணி, கடைசியில் 5-4 என மூச்சு வாங்கி முடித்தது. மூன்று நாள் கழித்து இறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக இரண்டு முறை முன்னிலை பெற்றும் 2-2 ஆகி, ஷூட்-அவுட்டில் தோற்றது. தாக்குதலுக்கு இவ்வளவு ஆள் போனால் பின்னால் திறந்து கிடக்கும். முன்னாள் தடுப்பாட்டக்காரரின் அணியில் இது கவனிக்கத்தக்க பலவீனம். ஆனாலும் அந்தச் செப்டம்பரில் துருக்கியை அதன் மண்ணிலேயே 6-0 என வீழ்த்தினார்கள், ஸ்பெயின் 2014க்குப் பிறகு முதன்முறையாக ஃபிஃபா தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது. ஆறு ஆட்டங்களில் ஐந்து வெற்றி, ஒரு சமன், 21 கோல் போட்டு 2 வாங்கி, 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள்.

தீராத பிரச்சினை: வீரர் யாருக்குச் சொந்தம்?

டி லா ஃபுவென்டேயின் காலத்தில் திரும்பத் திரும்பச் செய்தியாவது கிளப்புகளோடு, குறிப்பாகப் பார்சிலோனாவோடு, நடக்கும் உரசல். 2023 நவம்பரில் யூரோவுக்குத் தகுதி உறுதியான பிறகு ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில் பார்சிலோனாவின் இளம் வீரர் கவியை இறக்கினார். முழங்கால் தசைநார் அறுந்து அந்தப் பையன் பருவம் முழுவதையும் யூரோவையும் இழந்தான். தேவையில்லாத ஆட்டத்தில் ஏன் இறக்கினீர்கள் என்று பார்சிலோனா ரசிகர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். எந்த ஆட்டத்தில் காயம் வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதும் உண்மை.

2025 செப்டம்பரில் யமால் வலியோடு ஆடவைக்கப்பட்டார் என்று பார்சிலோனா பயிற்சியாளர் ஹான்ஸி ஃபிளிக் வெளிப்படையாகக் குறை சொன்னார். நவம்பரில் நிலைமை தலைகீழானது. தேசிய அணி கூடிய நாளன்றே யமாலுக்கு இடுப்பெலும்பு வலிக்கான சிகிச்சை நடந்தது. தங்கள் மருத்துவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று கூட்டமைப்பு அறிக்கை விட்டது. ஏழு முதல் பத்து நாள் ஓய்வு என்று மருத்துவக் குறிப்பு வந்ததால் அவரை விடுவிப்பதைத் தவிர டி லா ஃபுவென்டேக்கு வழியில்லை.

விதிப்படி, ஃபிஃபா குறித்த நாட்களில் அழைப்பு வந்தால் கிளப் வீரரை விட்டாக வேண்டும். காயம் இருக்கிறதா என்பதைப் பார்க்கத் தேசிய அணியின் மருத்துவரும் சோதிக்கலாம். ஆனால் அழைப்புக்கு முந்தைய நாள்வரை உடம்பு கிளப் மருத்துவரின் பொறுப்பில். அந்த இடைவெளியில் சிகிச்சை எப்போது, ஓய்வு எவ்வளவு என்று முடிவெடுப்பவர் கையில்தான் அழைப்பின் கதியும் இருக்கிறது. 18 வயது யமாலுக்கு ஆண்டு முழுவதும் ஆட்டம் இருப்பதால் இந்த உரசல் ஒவ்வொரு சர்வதேச இடைவெளியிலும் மீண்டும் எழ வாய்ப்புண்டு. 2028 வரை ஒப்பந்தம் உள்ள பயிற்சியாளர், தான் அழைத்தால் வருவான் என்ற நம்பிக்கையை மட்டுமல்ல, பார்சிலோனாவின் மருத்துவ அறையோடு பேச்சுவார்த்தையையும் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.